'மே' என்னும் ஆங்கிலத் துணைவினையும் தமிழின் '-லாம்' ஈறும்

ஆங்கிலத் துணைவினைகளுள் 'மே' என்பது பள்ளி மாணவனும் அறிந்த சொல். வகுப்பறை வாயிலில் நின்று உள்ளே வர இசைவு கேட்கும் தொடரின் வழியாகவே இந்திய மாணவர் பலர் இதனை முதன்முதலாகக் கற்கின்றனர். ஆங்கில ஆண்டின் ஐந்தாம் திங்களின் பெயரும் தமிழ் எழுத்தில் இவ்வாறே அமையும். ஆனால் அது இலத்தீன் வழிவந்த வேறு சொல். ஈண்டு அதற்கு இடமில்லை. இருமொழி அகராதிகள் இத்துணைவினைக்குப் பொதுவாகத் தரும் பொருள் மிகச் சுருக்கமானது: '-லாம்', 'கூடும்'. இவ்விரண்டையும் எழுதிய அளவில் அகராதியாசிரியரின் பணி முடிந்துவிடுகிறது. பயில்வோரும் அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை.

ஆயின், இச்சிறுசொல்லின் பொருள் யாது என்னும் வினா 1963ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதற்கு அவையில் அளிக்கப்பட்ட விடை போதுமானதன்று என்னும் எண்ணம் தமிழகத்தில் நிலைபெற்றது. 1965இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தமைக்கான காரணங்களுள் இவ்வெண்ணமும் ஒன்று. அயன்மொழித் துணைவினை ஒன்றன் பொருளைப் பற்றி ஒரு மாநில மக்களே கவலை கொண்ட நிகழ்ச்சி மொழி வரலாற்றில் அரிது. எனினும் அந்நிகழ்ச்சியை அரசியல் வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்த அளவுக்குச் சொற்பொருளியல் அறிஞர்கள் ஆராயவில்லை. அச்சொல்லின் பொருள்நிலைகளும், அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அது பெறும் வழக்கும், தமிழ் அதனை ஏற்கும் முறையும் இக்கட்டுரையில் நோக்கப்பெறுகின்றன.

சொல்லின் பழம்பொருள்

பழைய ஆங்கிலத்தில் 'மகன்' என்னும் வடிவில் வழங்கிய வினையே 'மே' ஆயிற்று. (தமிழில் மைந்தனைக் குறிக்கும் சொல்லோடு இதற்குத் தொடர்பு காண முயல்வது வீண்.) அதன் முதற்பொருள் வலிமை உடைமை, இயலுதல் என்பதாகும். இன்றும் ஆங்கிலத்தில் வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்னும் பெயர்ச்சொல்லும், ஜெர்மானிய மொழியில் அதிகாரத்தைக் குறிக்கும் 'மாக்ட்' என்னும் சொல்லும் இவ்வேரின் கிளைகளே. அக்காலத்தில் இசைவைக் குறிக்க வேறொரு வினை இருந்தது. அதன் இறந்தகால வடிவே பின்னர் 'மஸ்ட்' ஆகி, இசைவுப் பொருளை இழந்து, கட்டாயத்தைக் குறிக்கலாயிற்று. அதனால் ஒழிந்த இடத்தை 'மே' நிரப்பிற்று. 'மே' விட்டுச்சென்ற இயலுதற் பொருளை, முன்பு அறிதலைக் குறித்த 'கேன்' பற்றிக்கொண்டது. ஒரு மனையில் ஒருவர் அறை மாறினால் மற்றையோரும் மாற நேர்வது போன்றது இது. கட்டாயத்தின் சொல் முன்னொரு காலத்தில் இசைவின் சொல்லாக இருந்தது என்பதையும், இசைவின் சொல் முன்னொரு காலத்தில் ஆற்றலின் சொல்லாக இருந்தது என்பதையும் நினைவிற் கொண்டால், பிற்காலச் சட்ட வழக்குகளில் எழுந்த குழப்பம் வியப்பளிக்காது.

'மே' என்பதற்கு இணையாகவும் எதிராகவும் நிற்கும் 'ஷல்' என்னும் சொல்லின் வரலாறும் சுருக்கமாக நோக்கத்தக்கது. அதன் முதற்பொருள் கடன்படுதல். ஜெர்மானிய மொழியில் இதே வேரினின்று பிறந்த 'ஷுல்ட்' என்னும் சொல் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். கடன்பட்டவன் கொடுத்தாக வேண்டும். கொடுத்தாக வேண்டியதனால் கொடுப்பான். இவ்வாறு கடன் கடமையாகி, கடமை எதிர்காலமாகிறது. தமிழ் இவ்வழியை நன்கறியும். 'கடன்' என்பது வாங்கிய பொருளையும் ஆற்றவேண்டிய செயலையும் குறிக்கும்; அதனோடு தொடர்புடைய 'கடவன்', 'கடவது', 'கடவோம்' என்பன கட்டளையையும் பொறுப்பையும் உணர்த்தும். கோயிலுக்கு ஆடு பெற்றுக்கொண்டு விளக்கெரிக்க ஒப்புக்கொண்டோர் சோழர்காலக் கல்வெட்டுகளில் 'எரிக்கக் கடவோம்' என்று கூறும் மரபு, ஆங்கிலச் சட்டத்தின் 'ஷல்' தரும் பொருளுக்கு எத்துணை நெருங்கியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தற்காலச் சட்டத்தமிழ் இவ்வடிவைக் கைவிட்டு '-தல் வேண்டும்' என்பதனைக் கைக்கொண்டது. 'வேண்டு' என்பதன் அடிப்பொருள் விரும்புதல். கடன் வழிவந்த ஆங்கிலச் சொல்லுக்கு விருப்பம் வழிவந்த தமிழ்ச் சொல் ஈடாயிற்று. நடையின் எளிமை கருதி இம்மாற்றம் ஏற்கத்தக்கதே. எனினும் 'கடவது' முற்றும் வழக்கொழிந்தது ஓர் இழப்பே.

இசைவும் ஐயமும்

இக்கால ஆங்கிலத்தில் 'மே' மூன்று பொருள்களில் பயில்கிறது. ஒருவர் ஒன்றைச் செய்ய இசைவுண்டு என்பது ஒன்று. ஒன்று நிகழக்கூடும் என்னும் ஐயப்பாடு மற்றொன்று. நீடு வாழ்க என்பது போன்ற வாழ்த்து மூன்றாவது. வாழ்த்துப் பொருளைத் தமிழ் வியங்கோளால் உணர்த்தும். அவ்வியங்கோளே விதித்தலையும் வேண்டலையும் உணர்த்தும் என்பது இலக்கணம் பயின்றோர் அறிந்தது. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

முதலிரு பொருள்களும் ஒரே சொல்லில் தங்கியிருப்பது ஆங்கிலத்தின் குறை என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. 'நாளை அவர் வரலாம்' என்னும் தமிழ்த் தொடரும் அவர் வருவதற்குத் தடையில்லை என்றும், அவர் வந்தாலும் வருவார் என்றும் இருபொருள் படுவது காண்க. 'செய்யல்' என்னும் தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்து 'செய்யலாம்' ஆகிறது. 'ஆம்' என்பது 'ஆகும்' என்பதன் சுருக்கம். ஆங்கிலம் ஆற்றலினின்று தொடங்கிற்று. தமிழ் ஆதலினின்று தொடங்கிற்று. தொடங்கிய இடம் வேறாயினும் வந்துசேர்ந்த இடம் ஒன்றே. உலக மொழிகள் பலவற்றிலும் இசைவும் ஐயமும் ஒரே வடிவில் அமைவதை மொழியியலார் எடுத்துக்காட்டியுள்ளனர். மனிதர் விதிக்கும் தடை நீங்குவதையும், உலகியல் தடை நீங்குவதையும் மனம் ஒன்றாகவே காண்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

தமிழுக்கே உரிய பொருள் ஒன்றும் '-லாம்' ஈற்றுக்கு உண்டு. 'நாம் போகலாம்' என்று ஒருவர் எழுந்து நின்றால் அது இசைவுமன்று, ஐயமுமன்று, அழைப்பு. இப்பொருள் ஆங்கிலத்தின் 'மே'யில் இல்லை. மற்றொன்று ஆய்வுலகத்துக்கே உரியது. ஆய்வுக் கட்டுரைகளில் பத்திக்கு ஒருமுறை தோன்றும் 'எனலாம்' என்பது யார் யாருக்கு அளிக்கும் இசைவு என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. தம் கூற்றுக்குத் தாமே பொறுப்பேற்கத் தயங்கும் ஆய்வாளர்க்கு அவ்வீறு நல்ல மறைவிடமாக உதவுகிறது. 'என்க' என்று முடித்த பழைய உரையாசிரியர்களுக்கு இத்தயக்கம் இருந்ததில்லை.

பொருள் வேறுபாடு புலப்படும் இடம் எதிர்மறையே. ஆங்கிலத்தில் 'மே' என்பதோடு 'நாட்' சேர்ந்த தொடர், செய்யக்கூடாது என்னும் விலக்கையும் குறிக்கும். ஒருவேளை நிகழாது என்னும் ஐயத்தையும் குறிக்கும். செய்யாதிருக்கவும் இசைவுண்டு என்னும் மூன்றாம் பொருளையும் சிற்சில இடங்களில் தரும். ஆங்கிலச் சட்டவரைவாளர் பலர் இத்தொடரை அஞ்சி ஒதுக்குவதற்கு இதுவே காரணம். தமிழில் இம்மூன்றும் பிரிந்து நிற்கின்றன. 'செய்யலாகாது', 'செய்யக்கூடாது' என்பன விலக்கு. 'செய்யாமல் இருக்கலாம்' என்பது ஏனைய இரண்டு. இதில் ஒரு புதிர் உண்டு. 'வரக்கூடும்' என்பது ஐயத்தை மட்டுமே குறிக்க, அதன் எதிர்மறையான 'வரக்கூடாது' விலக்கையே முதன்மையாகக் குறிக்கிறது. உடன்பாட்டில் உலகியலைப் பேசும் வினை எதிர்மறையில் ஆணையிடத் தொடங்குகிறது. தமிழ் பயிலும் பிறமொழியாளர் இவ்விடத்தில் இடறுவது இயல்பு. இதனைத் தெளிவாகக் கூறும் பயிற்று நூல்கள் குறைவு.

எதிர்மறை உம்மை

ஒன்றைச் செய்யலாம் என்றால், செய்யாமலும் இருக்கலாம் என்பது அதனுள் அடங்கியுள்ளதா? 1963ஆம் ஆண்டு எழுந்த வினாவின் உயிர்நிலை இதுவே. தமிழிலக்கண மரபு இவ்வினாவை நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்கொண்டது. தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் எதிர்மறையும் ஒன்று. ஒருவன் வருதற்கும் உரியன் என்று சொன்னால், அவன் வாராமைக்கும் உரியன் என்பது அவ்வும்மையால் பெறப்படும் என உரையாசிரியர்கள் விளக்குவர். சூத்திரங்களில் ஒரு விதி 'உரியவும்' என்றோ 'வரையார்' என்றோ முடியுமானால், அதனைக் கட்டாய விதியாகக் கொள்ளாமல் இருபுறமும் திறந்த விதியாகக் கொள்வது அவர்தம் நெறி. ஐயமும் அவ்வெட்டுப் பொருள்களுள் ஒன்றாக நிற்பது கூடுதலாகக் கருதத்தக்கது. இசைவு, ஐயம், எதிர்மறை ஆகியவற்றின் உறவை ஓர் இடைச்சொல்லின் பொருட்பரப்பிலேயே அவர்கள் கண்டனர்.

ஆகவே, ஆங்கிலம் தொடரும் என்பதற்கு 'மே' என்னும் சொல்லை இட்டால் அது தொடராமைக்கும் இடந்தரும் என்று வாதிட்டோர் அயன்மொழிச் சொல்லில் இல்லாத பொருளை ஏற்றிக் கூறவில்லை.

சொல்வோரின் நிலை

இச்சொல்லின் பொருளை அகராதி முடிவு செய்வதைவிடப் பேசுவோரின் தகுதி முடிவு செய்வதே மிகுதி. இந்திய அரசு அலுவலகக் கோப்புகளின் ஆங்கிலம் இதற்குச் சிறந்த சான்று. கீழ்நிலை அலுவலர் தம் குறிப்பின் இறுதியில் இன்னவாறு ஆணையிடப்படலாம் என்னும் கருத்தில் 'மே' இடுவார். அது பணிவான வேண்டுகோள். அதே கோப்பு மேல்நிலை அலுவலரிடம் சென்று, இது சட்டத்துறைக்கு அனுப்பப்படலாம் என்று 'மே' இட்டுத் திரும்பினால் அது கட்டளை. அனுப்பாமலும் இருக்கலாம் என்று பொருள்கொண்டு கோப்பை மேசையில் வைத்திருப்பவர் விளக்கம் எழுத நேரிடும். சொல் ஒன்று, மேலிருந்து வரும்போது ஆணை, கீழிருந்து செல்லும்போது விண்ணப்பம். தமிழில் எழுதப்படும் கோப்புகளும் இம்மரபை அப்படியே ஏற்றுக்கொண்டன. 'உரிய ஆணை பிறப்பிக்கலாம்', 'அரசுக்கு அனுப்பலாம்' என்னும் தொடர்களில் '-லாம்' இவ்விருமுகத் தன்மையோடே வழங்குகிறது.

இவ்வழக்கு கோப்புக்குள் இருக்கும்வரை தீங்கில்லை. பொதுமக்களுக்கான படிவங்களில் நுழையும்போதுதான் தொல்லை. விண்ணப்பதாரர் வயதுச் சான்றின் படியை இணைக்கலாம் என்று அச்சிட்ட படிவத்தைப் படிக்கும் முதியவர், விரும்பினால் இணைக்கலாம் என்றே பொருள்கொள்வார். படி இல்லாத விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும்போது அவர் இழப்பது ஒரு மாத ஓய்வூதியமாகவும் இருக்கக்கூடும். எழுத்தர் '-லாம்' என்பதனை மேலதிகாரியின் காதால் கேட்கிறார். முதியவர் தம் வீட்டுத் தமிழின் காதால் கேட்கிறார்.

நீதிமன்றத்தில்

ஆங்கிலச் சட்டமரபில் 'மே' இசைவைக் குறிக்கும். 'ஷல்' கட்டாயத்தைக் குறிக்கும் என்பது பொது விதி. நீதிமன்ற வரலாறோ அவ்விதியின் விலக்குகளால் நிரம்பியது. 1693இல் இங்கிலாந்தில் முடிவான பார்லோ வழக்கு பழமையான எடுத்துக்காட்டு. காவற்பணியாளர் செலவிட்ட பணத்தை ஈடுசெய்ய ஊர் மக்களிடம் வரி தண்டுவதற்குத் திருச்சபைக் காப்பாளர்க்கும் ஏழையர் மேற்பார்வையாளர்க்கும் சட்டம் 'மே' என்னும் சொல்லால் அதிகாரம் அளித்திருந்தது. அவர்கள் தண்ட மறுத்தனர். நீதியின் பொருட்டும் பொதுநலத்தின் பொருட்டும் ஒன்றைச் செய்யச் சட்டம் சொல்லுமிடத்து 'மே' என்பது 'ஷல்' ஆகும் என நீதிமன்றம் கூறிற்று. 1880இல் ஜூலியஸ் என்பாருக்கும் ஆக்ஸ்போர்டு ஆயருக்கும் இடையே நடந்த வழக்கில் பிரபுக்கள் அவை இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தது. அதிகாரம் அளிக்கும் சொற்கள் அதிகாரத்தை மட்டுமே அளிக்கும். ஆனால் எவருடைய நலனுக்காக அவ்வதிகாரம் அளிக்கப்பட்டதோ அவர் வந்து கேட்கும்போது அதைச் செலுத்துவது கடமையாதலும் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வழக்கில் ஆயருக்கு விருப்புரிமையே உண்டு என்று முடிவாயிற்று. எனினும் கடமையோடு பிணைந்த அதிகாரம் என்னும் கருத்தே பின்னாளில் மிகுதியும் எடுத்தாளப்பட்டது. இச்சொல்லின் பழம்பொருளாகிய வலிமை, சட்டத்தின் வாயிலாகத் திரும்பி வந்ததைப் போல் இருக்கிறது இது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1963இல் முடிவு செய்த உத்தரப் பிரதேச அரசு எதிர் ஜோகேந்திர சிங் வழக்கு ஈண்டு விரிவாக நோக்கத்தக்கது. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றிய 1947ஆம் ஆண்டு விதிகளில் அடுத்தடுத்து இரு உட்பிரிவுகள் இருந்தன. முதலாவது, ஊழியர் எவருடைய வழக்கையும் ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப 'மே' என்னும் சொல்லால் அதிகாரம் அளித்தது. இரண்டாவது, அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் தாமே கேட்டுக்கொண்டால் அவருடைய வழக்கை அனுப்ப அதே சொல்லால் அதிகாரம் அளித்தது. இரண்டிலும் 'மே' விருப்புரிமையையே குறிக்குமாயின் இரண்டாம் உட்பிரிவுக்கு வேலையே இல்லை, முதலாவதே போதும். ஆகவே அலுவலரின் வேண்டுகோளுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் இரண்டாம் உட்பிரிவின் 'மே' கட்டாயத்தையே குறிக்கும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரே விதியில், ஒரே கையால் எழுதப்பட்ட ஒரே சொல், இரண்டு வரி கடப்பதற்குள் பொருள் மாறுகிறது. கூறியது கூறலைக் குற்றமெனக் கொண்டு, ஒரு சூத்திரம் பயனின்றி நில்லாது என்னும் துணிவோடு உரை காணும் தமிழ் உரைமரபுக்கு இவ்வாதமுறை அயலானதன்று.

எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு. அரசு ஊழியர் மீதான நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்து கொள்ளுமாறு அரசமைப்பின் 320ஆம் உறுப்பு 'ஷல்' என்னும் சொல்லால் விதிக்கிறது. 1957இல் மன்போதன் லால் வழக்கில், அவ்வாறு கலந்துகொள்ளாமை நடவடிக்கையைச் செல்லாததாக்காது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 'ஷல்' எல்லா இடத்தும் கட்டாயமன்று என்பது அதனால் நிலைபெற்றது. அண்மைக் காலத்தில் 200ஆம் உறுப்பின் பொருள் பற்றி எழுந்த வழக்குகளும் இவ்வரிசையின. சட்டமுன்வடிவு தம்மிடம் வந்தால் ஆளுநர் தம் முடிவை அறிவித்தல் வேண்டும் என்று 'ஷல்' கூறுகிறது. எந்நாளுக்குள் என்று கூறவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டரசின் வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு கால வரம்புகளை வகுத்தது. அவ்வாண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துரையில், நீதிமன்றம் அத்தகைய வரம்புகளை வகுத்தல் இயலாது என ஐவர் அமர்வு கூறிற்று. கட்டாயச் சொல் கட்டாயப்படுத்தும் செயலைச் சுட்டுமேயன்றி அதன் காலத்தைச் சுட்டாது என்பது துணைவினையின் இயல்பு. அவ்விடைவெளியை நிரப்புவது யார் என்பதே வழக்கு.

1963ஆம் ஆண்டுச் சட்டம்

அரசமைப்பின் 343ஆம் உறுப்பு இவ்விரு துணைவினைகளையும் மாற்றி மாற்றி ஆள்கிறது. ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்பதற்கு 'ஷல்'. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 முதல் 15 ஆண்டுகள் ஆங்கிலம் தொடரும் என்பதற்கும் 'ஷல்'. அப்பதினைந்தாண்டுகளுக்குப் பின்னர் ஆங்கிலத்தைப் பயன்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்பதற்கு 'மே'. 1959 ஆகஸ்டு 7 அன்று நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என மக்களவையில் உறுதி கூறினார். அவ்வுறுதிக்குச் சட்டவடிவம் தரும் நோக்கில் வந்தது 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, குறித்த நாளிலிருந்து ஆங்கிலம் இந்தியோடு கூடுதலாகத் தொடர்ந்து பயன்படுத்தப்படுவதற்கு 'மே' என்னும் சொல்லையே இட்டது.

மாநிலங்களவையில் சி. என். அண்ணாதுரை இதனை எதிர்த்தார். 'மே' என்பது தொடராமைக்கும் இடந்தரும். 'ஷல்' என்று இருத்தல் வேண்டும் என்பது தி.மு.க.வினரின் வாதம். அவ்விடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்னும் பொருளே உண்டு என்னும் கருத்துப்பட நேரு விளக்கம் அளித்தார். சொல் மாறவில்லை, சட்டம் நிறைவேறிற்று.

இரு சாராரின் கூற்றும் தனித்தனியே ஆராயத்தக்கன. நேருவின் விளக்கம் பொருந்தாதது என்று தள்ளிவிட இயலாது. மேற்காட்டிய வழக்குகள் 'மே' கட்டாயப் பொருள் பெறுதலை ஐயமின்றிக் காட்டுகின்றன. அவற்றுள் ஒன்று அதே ஆண்டினது. 'ஷல்' இடாமைக்குச் சட்டவரைவு நோக்கில் ஒரு காரணமும் கூறலாம். இந்தியை ஏற்ற மாநிலம் ஒன்றும் ஒன்றிய அரசும் தமக்குள் எழுதிக்கொள்ளும் மடல்களிலும் ஆங்கிலம் கட்டாயம் என்பது எவரும் கேட்காத ஒன்று. எல்லா அலுவல்களையும் ஒரே தொடரில் அடக்கிய பிரிவில் 'ஷல்' இட்டிருந்தால் அப்பொருளே விளைந்திருக்கும்.

ஆயினும் அண்ணாதுரையின் வாதமே மொழிநோக்கில் வலியது. அதற்குக் காரணம் அத்தொடரின் அமைப்பு. நீதிமன்றங்கள் 'மே' என்பதனைக் கட்டாயமாகக் கொண்ட இடங்களில் எல்லாம் அதிகாரம் பெற்ற ஒருவரும், அதனைச் செலுத்துமாறு கேட்கும் உரிமையுள்ள மற்றொருவரும் தொடரில் புலப்பட்டனர். பார்லோ வழக்கில் காவற்பணியாளர். ஜோகேந்திர சிங் வழக்கில் அலுவலர். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு செயப்பாட்டுவினையில் அமைந்தது. ஆங்கிலம் பயன்படுத்தப்படலாம் என்றது. யாரால் என்று கூறவில்லை. யார் கேட்டால் என்றும் கூறவில்லை. எழுவாய் நிலையில் நின்றது மொழியின் பெயரே. மொழிக்கு இசைவு தேவையில்லை. மறைந்து நின்ற வினைமுதல் ஒன்றிய அரசு. எனவே அவ்விருப்புரிமை யாருடையது என்பதில் ஐயமில்லை. நேரு 1959இல் விருப்புரிமையை இந்தி பேசாத மக்களிடம் வைத்தார். 1963ஆம் ஆண்டுத் தொடர் அதனை அவர்களிடமிருந்து எடுத்துத் தில்லியின் அலுவலகங்களில் வைத்தது. சிக்கல் 'மே' என்னும் சொல்லில் இருந்ததைவிட அச்சொல்லுக்கு உரியவர் பெயர் இல்லாததில்தான் மிகுதியும் இருந்தது.

மேலும், அவையில் ஆற்றப்படும் உரை சட்டத்தின் பகுதியன்று. உறுப்பினர்தம் உரைகளைக் கொண்டு சட்டப்பொருள் காணலாகாது என்னும் நெறியே அக்கால நீதிமன்றங்களில் மேலோங்கி நின்றது. இச்சொல்லுக்கு இப்பொருள் என்று நேரு வாய்மொழியாக அளித்த உரை, அவர் பதவியில் இருக்கும்வரை நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தியிருக்கும். அவர் 1964 மே 27 அன்று மறைந்தார். மூலம் எஞ்சி நின்றது, உரையாசிரியர் இல்லை.

1965 சனவரி 26 அன்று 15 ஆண்டுகள் நிறைந்தன. அதனையொட்டித் தமிழகத்தில் நிகழ்ந்த மாணவர் கிளர்ச்சியும் உயிரிழப்பும் பலராலும் எழுதப்பட்டவை. பிப்ரவரி 11 அன்று சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ஒன்றிய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் மடல் அளித்தனர். அன்றே லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார்.

1967ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சிக்கலைத் தீர்த்த முறையைச் சொற்பொருள் ஆய்வாளர் ஊன்றி நோக்குதல் நன்று. 3ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் இருந்த 'மே' அகற்றப்படவில்லை. அது இன்றும் அங்கேயே உள்ளது. அதனைச் சூழப் பல 'ஷல்'கள் நடப்பட்டன. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் நடத்தும் மடற்போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்படுதல் வேண்டும். தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் முதலியவற்றுக்கு இருமொழியும் பயன்படுத்தப்படுதல் வேண்டும் என ஒவ்வோர் உறவுக்கும் தனித்தனியே விதி கூறப்பட்டது. இறுதியாக 5ஆம் உட்பிரிவு, இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் இயற்றி, அவற்றை ஆய்ந்தபின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் இயற்றும்வரை இவ்வேற்பாடு நிலைத்தல் வேண்டும் என்றது. 1963இல் விடுபட்ட வினைமுதல் இவ்வுட்பிரிவில் பெயர் சுட்டப்பெற்றது. 'மே' என்பதன் எதிர்மறை உம்மையைச் செலுத்தும் உரிமை தில்லியின் கையிலிருந்து சட்டமன்றங்களின் கைக்கு வந்தது. 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் உரியன என்று தொடங்குவதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

மொழிபெயர்ப்பில்

இந்திச் சட்டநடை 'மே' என்பதற்கு இயலுதலைக் குறிக்கும் 'சக்' என்னும் துணைவினையின் எதிர்கால வடிவத்தையும், 'ஷல்' என்பதற்குப் பெரும்பாலும் வெறும் எதிர்கால வினைமுற்றையும் வழங்குகிறது. அறியாமலே அது இரண்டு ஆங்கிலச் சொற்களின் பழம்பொருளுக்கு அருகில் செல்கிறது. தமிழ் '-லாம்', '-தல் வேண்டும்' என்னும் இணையைக் கொண்டது. இவ்விணை தெளிவானது, எனினும் 'மே' கட்டாயப் பொருள்படும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் என் செய்வது?

பொருள் தெரிந்து பெயர்க்க வேண்டும் என்போர், அவ்விடத்தில் '-தல் வேண்டும்' என்றே எழுதுதல் முறை என்பர். இலக்கிய மொழிபெயர்ப்புக்கு இது பொருந்தும். சட்டத்துக்குப் பொருந்தாது. 1947ஆம் ஆண்டு விதிகளை 1960இல் ஒருவர் தமிழில் பெயர்த்திருந்தால், இரண்டாம் உட்பிரிவில் '-லாம்' இட்டவரே சரியாகச் செய்தவர். 'வேண்டும்' என்று இட்டவர், பின்னாளில் நீதிமன்றம் கண்ட பொருளையே கண்டவராயினும், தமக்கு உரிமையில்லாத ஒன்றைச் செய்தவராவார். ஆங்கிலச் சொல்லில் உள்ள ஐயம் முழுவதும் தமிழ் ஈற்றிலும் உள்ளபோது அதனை அப்படியே கொண்டுசெல்வதே மூலத்துக்கு உண்மையாதல். '-லாம்' தெளிவற்றது என்னும் குற்றச்சாட்டு இவ்விடத்தில் அதன் தகுதிச் சான்றாகிறது. அதிகாரம் அளிப்பது மட்டுமே கருத்தென்பது மூலத்திலேயே தெளிவாயின் 'அதிகாரம் உண்டு' என்றும், உரிமை அளிப்பதாயின் 'உரியர்' என்றும் எழுதத் தடையில்லை.

படிவங்களுக்கும் அறிவிப்புகளுக்கும் நிலைமை நேர்மாறு. அங்கு நீதிமன்றம் வந்து பொருள் கூறப்போவதில்லை. படிப்பவர் தனியே நிற்கிறார். இணைத்தே ஆகவேண்டுமாயின் 'வேண்டும்' என்றும், விருப்பமாயின் 'விரும்பினால் இணைக்கலாம்' என்றும் எழுதுவதற்கு இரண்டு சொல்லுக்குமேல் செலவாகாது.

ஆட்சிமொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவைத் தமிழில் பெயர்ப்பவர் முதல் உட்பிரிவில் 'பயன்படுத்தப்பட்டு வரலாம்' என்றும், அடுத்துவரும் காப்புரைகளில் 'பயன்படுத்தப்படுதல் வேண்டும்' என்றும் எழுத நேரும். நடை ஒருமைப்பாடு கருதி இரண்டையும் ஒன்றாக்க விரும்பும் பதிப்பாசிரியர் இருக்கக்கூடும். அவர் அதற்கு இடந்தரலாகாது. முன்னது 1963, பின்னது 1967.